அளக்காத பாலுக்கு விழுந்த பூஜ்யம்: திரு. ஜோதிலிங்கம் அவர்களுக்குப் பணி நிறைவுப் பாராட்டு மடல்

தலைநகர் தில்லியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் எண்களோடு உறவாடி, எண்ணியதை எண்ணியபடியே எடுத்துரைத்து, இன்று பணி நிறைவு காணும் எங்கள் புள்ளியியல் பிரிவின் துணை மேலாளரே, வந்தவாசி வட்டம் தந்த வாய்மையாளரே, சினமும் சிரிப்பும் ஒரே மூச்சில் வாய்க்கப் பெற்ற பெருந்தகையே, பெருமதிப்பிற்குரிய திரு. ஜோதிலிங்கம் அவர்களே,

வணக்கம்.

சற்று முன்பு இதே மேடையில் நிர்வாகத்தின் சார்பில் இந்தியில் ஒரு மடல் வாசித்தார்கள். தாங்கள் பணியில் சேர்ந்த நாள், வகித்த பதவிகள், ஆற்றிய அரும்பணிகள் யாவும் தேதி பிசகாமல் அதில் இருந்தன. 2003-ஆம் ஆண்டுக் கோடையில் நடந்தது மட்டும் இல்லை. தங்கள் பணிப் பதிவேட்டில் அது ஒரு கண்டனக் குறிப்பாக இருப்பதால், விழா நாளில் எதற்கு என்று விட்டிருப்பார்கள். யமுனா பால் வழங்கு நிறுவனத்தின் தமிழ்ப் பணியாளர்கள் பதினொருவரும் கூடிப் பேசி, எழுதினால் அதைத்தான் எழுதுவது என்று முடிவு செய்தோம். முகத்துக்கு நேரே புகழ்ந்தால் தாங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆகவே அவையோரைப் பார்த்துச் சொல்கிறோம். தாங்கள் நாற்காலியை விட்டு நகராமல் இருந்தால் போதும்.

அவையோரே, ஜோதிலிங்கம் 1974 ஜனவரியில் தில்லிக்கு வந்தார். கையில் புள்ளியியல் பட்டம் இருந்தது, நாவில் இந்தி இல்லை. எந்தெந்தப் பூத்துக்கு எத்தனை லிட்டர் பால் போனது, எத்தனை திரும்பி வந்தது, ஆய்வாளர்கள் பூத்துக்குப் போய்ச் சோதித்தபோது பால் எப்படி இருந்தது என்று நாள்தோறும் வந்து குவியும் தாள்களைப் படித்து, அவற்றிலிருந்து நிர்வாகத்துக்கு நாலு நல்ல வார்த்தை சொல்வது அவர் வேலை. தாள்கள் கணினிக்கு மாறிய 1996-இல், அதற்கான பாக்ஸ்புரோ நிரலை அவரே எழுதினார். தட்டச்சில் இன்றுவரை இரண்டு விரல்களுக்கு மேல் அவர் பயன்படுத்தியதில்லை. அந்த இரண்டு விரல்களால் மூன்று மாதம் தட்டி முடித்த நிரல் அது.

2003 கோடையில் நகரெங்கும் பால் தண்ணீராக இருக்கிறது என்று புகார்கள் வந்தன. செய்தித்தாள்களில் படம் போட்டு எழுதினார்கள். நிர்வாகம் பதறிப்போய், குர்கானில் புதிதாகக் கடை விரித்திருந்த ஒரு மென்பொருள் கம்பெனியை அழைத்தது. மலைபோல் கிடக்கும் தரவுகளைத் தோண்டி, கண்ணுக்குத் தெரியாத உண்மைகளை வெளியே எடுக்கும் கலைக்குத் தரவு அகழ்வு என்று பெயர்; டேட்டா மைனிங் என்பார்கள். அந்தக் கலையில் தங்கள் மென்பொருளுக்கு நிகரில்லை என்று கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். ஏழு ஆண்டுத் தரவைக் குறுந்தகடுகளில் பதிந்து அவர்கள் கையில் கொடுத்தவர் ஜோதிலிங்கம்தான்.

ஆறு வாரத்தில் பட்டியல் வந்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு பூத்துகளில் முப்பத்தெட்டுக்குச் சிவப்பு மை. அந்த முப்பத்தெட்டிலும் பாலில் தண்ணீர் கலக்கிறார்கள் என்பது மென்பொருளின் தீர்ப்பு. ஏன் உரிமத்தை ரத்து செய்யக் கூடாது என்று கேட்டு முப்பத்தெட்டுப் பேருக்கும் கடிதம் போனது. பதில் சொல்ல ஒரு மாதம் கெடு.

கடிதம் போன நாலாம் நாள், 317-ஆம் எண் பூத்தை நடத்தும் பொன்னம்மாள் அலுவலகத்துக்கு வந்தார். ராணுவத்தில் நாயக்காக இருந்து ஓய்வு பெற்ற காத்தவராயனுக்கு ஒதுக்கப்பட்ட பூத் அது. அவர் காலமான பிறகு ஒன்பது ஆண்டுகளாக மனைவி நடத்திவந்தார். காவலாளியிடம், "பையா, மதராசி சாப் கிதர்?" என்று தமிழ் அதிகாரி இருக்கும் இடத்தைக் கேட்டுக்கேட்டு மூன்றாம் மாடி ஏறி, ஜோதிலிங்கத்தின் மேசை மேல் அந்தக் கடிதத்தை விரித்து வைத்தார்.

"ஐயா, நான் படிக்காதவ. இதுல என்ன எழுதியிருக்குதுன்னு எம் பொண்ணு படிச்சிச் சொல்லிச்சி. தண்ணி கலந்தேன்னு போட்டிருக்காம். எந்த நாளு கலந்தேன், யாரு பாத்தாங்க, அதச் சொல்லுங்க. பண்ணியிருந்தா ஒத்துக்கறேன்."

"கம்ப்யூட்டர் சொல்லுதும்மா," என்றார் ஜோதிலிங்கம்.

"அது எதுக்கு அப்டிச் சொல்லுது?"

ஜோதிலிங்கம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினார். தன் வேலையில் ஒரு கேள்விக்கு இப்படி வாயடைத்து நின்றது அதுவே முதல் முறை என்று பின்னாளில் கான்டீனில் எங்களிடம் சொன்னார்.

கம்பெனியின் பிரதிநிதி சுரேஷ்குமார் கோயம்புத்தூர்க்காரர், பழக இனியவர். அவரைக் கூப்பிட்டு, "தம்பி, முன்னூத்திப் பதினேழு ஏன் செவப்பாச்சி?" என்று கேட்டார் ஜோதிலிங்கம்.

"ஸ்கோர் தொண்ணூத்தி நாலுங்க சார். எண்பதுக்கு மேல போனா ரெட்டுங்க."

"அந்தத் தொண்ணூத்தி நாலு எப்டி வந்துது?"

"அது மாடல் போடறதுங்க சார். நூத்தி இருபது விசயத்தைப் பாத்துப் போடுது. உள்ள எப்படின்னு எங்களுக்கே காட்ட மாட்டாங்க. கம்பெனி ரகசியமுங்க."

"ஒரு பொம்பளயோட பொழப்ப நிறுத்தறோம். ஏன்னு கேட்டா ரகசியம்னு சொல்லவா?"

சுரேஷ்குமார் தலைமையகத்துக்கு எழுதிக் கேட்பதாகச் சொன்னார். எழுதினார். பதில் வரவில்லை.

எங்கள் பிரிவில் அப்போது புதிதாகச் சேர்ந்திருந்தவர் கவிதா. தில்லியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழைப் பேசுவார், படிக்க எழுத்துக் கூட்டுவார். அவர்தான் அன்று மதியம் சொன்னார்: "சார், அவங்க சாஃப்ட்வேர் சொல்லாதுன்னா சோடியே, விட்டுடுங்க. நம்மகிட்ட டேட்டா இருக்கு இல்ல? ஓப்பன் சோர்ஸ்ல நாமளே போட்டுப் பாக்கலாம்."

முனிர்காவில் கவிதாவின் வீட்டுக்குப் பின் தெருவில் ஆராய்ச்சி மாணவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களிடமிருந்து ஒரு குறுந்தகடு வந்தது. 'ஆர்' என்று ஒற்றை எழுத்தில் பெயர் கொண்ட ஒரு மென்பொருள் அதில் இருந்தது. உலகெங்கும் உள்ள புள்ளியியலாளர்கள் கூடி எழுதிப் பொதுவில் வைத்தது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று வரிவரியாகப் படிக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். ஐம்பத்தைந்து வயதில் ஜோதிலிங்கம் அதைக் கற்கத் தொடங்கினார். சனிக்கிழமைகளில் வந்தார். உணவு இடைவேளையில் ஒரு கையில் தயிர்சாதமும் மறு கையில் ஒற்றை விரலுமாகத் தட்டினார். கமாவை விட்டதற்காக அந்த மென்பொருளை அவர் திட்டிய வசைகளைப் புதிதாக வந்த இந்திக்காரர்கள் பாட்டு என்று நினைத்தார்கள். கையேட்டில் புரியாத இடத்தைக் கேட்டு மின்னஞ்சல் குழுவுக்கு எழுதினார். முன்பின் தெரியாத ஒருவர், எந்த நாட்டிலிருந்தோ, மறுநாளே இரண்டு பக்கத்துக்குப் பதில் எழுதியிருந்தார். அதை அச்செடுத்துச் சட்டைப் பையில் ஒரு வாரம் வைத்திருந்தார்.

பிறகு ஜோதிலிங்கம் செய்தது எளிய காரியம். அறுநூற்றுப் பன்னிரண்டு பூத்துகளின் தரவையும் 'ஆர்' முன் வைத்தார். சிவப்பு எவை, மற்றவை எவை என்றும் சொல்லிக் கொடுத்தார். இந்த முப்பத்தெட்டையும் மற்றவற்றிலிருந்து பிரிப்பது எது என்று கேட்டார். முடிவு மரம் என்று அதற்குப் பெயர்: முதலில் ஒரு கேள்வி, ஆம் என்றால் ஒரு கிளை, இல்லை என்றால் மறு கிளை. படித்தவர் படிக்காதவர் யாருக்கும் காட்டலாம், விளங்கும்.

நூற்று இருபது விஷயங்களைப் பார்த்ததாகச் சொல்லப்பட்ட தீர்ப்புக்கு, திரையில் வந்த மரத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. லாக்டோமீட்டர் அளவின் சராசரி பத்தொன்பதுக்குக் கீழா? கீழ் என்றால் சிவப்பு. முப்பத்தெட்டும் அந்த ஒரு கிளையில் போய் உட்கார்ந்திருந்தன.

பாலில் மிதக்கவிடும் அந்தக் கண்ணாடிக் கருவியை நம் நிறுவனத்தில் அறியாதவர் இல்லை. நல்ல பாலில் இருபத்தெட்டு, முப்பது என்று காட்டும். தண்ணீர் சேரச்சேர இறங்கும். பச்சைத் தண்ணீரில் பூஜ்யம்.

"பாத்தீங்களா சார், அப்ப தண்ணிதான்," என்றார் கவிதா, கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"சராசரி வேணாம். முன்னூத்திப் பதினேழோட எல்லா அளவையும் தனித்தனியாப் போடு," என்றார் ஜோதிலிங்கம்.

29, 0, 0, 30, 0, 0, 0, 28, 0, 0.

கவிதா சிரித்தார். "ஒரு நாள் ஃபர்ஸ்ட் கிளாஸ் பால், மறுநாள் வெறும் தண்ணி விப்பாங்களா? பாகல் ஹை க்யா, பைத்தியமா என்ன?"

ஜோதிலிங்கம் சிரிக்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து ஆவண அறைக்குப் போனார். மூன்று பூத்துகளின் பழைய ஆய்வுத் தாள்களை இறக்கச் சொல்லி, தரையில் உட்கார்ந்து புரட்டினார். வேறு ஏதாவது காரணம் இருக்கக் கூடாதா என்று தேடியதாகத்தான் சொன்னார். இல்லை. கணினியில் பூஜ்யம் இருந்த ஒவ்வொரு நாளுக்கும் தாளில் வெறும் கோடு இருந்தது. பக்கத்தில் ஆய்வாளர் குறிப்பு: 'சந்தில் ஜீப் நுழையவில்லை. அளவு எடுக்கவில்லை.'

அளவு எடுக்காத நாளுக்குக் கட்டத்தை வெறுமையாக விட்டால், 1996-இல் அவர் எழுதிய நிரல் அதைப் பூஜ்யமாகப் பதிந்துகொண்டது. இது அவருக்குத் தெரியாத விஷயமும் அல்ல. ஒவ்வொரு மாதமும் அறிக்கை எழுதும்போது பூஜ்யங்களைத் தள்ளிவிட்டுத்தான் சராசரி போடுவார். மூச்சு விடுவதுபோல் அது கைவந்துவிட்டது. கைவந்ததாலேயே, கம்பெனிக்குக் குறுந்தகடு கொடுத்த அன்று அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. முப்பத்தெட்டுப் பூத்துகளும் மறுகுடியேற்றக் குடியிருப்புகளிலும், ஜீப் போகாத குறுகிய சந்துகளிலும் இருந்தவை. நாம் போய்ப் பார்க்காதவர்களைத்தான் மென்பொருள் குற்றவாளிகள் என்று சொல்லியிருந்தது.

அவர் திரும்பி வந்து கவிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அடுத்த வாரம் பதவி உயர்வுக் குழு கூடுகிறது, மேலாளர் பட்டியலில் முதல் பெயர் ஜோதிலிங்கம் என்பது அலுவலகம் முழுக்கத் தெரிந்த செய்தி.

"சார், கம்பெனி தப்புன்னு எழுதிடலாமே. அவ்ளோ ஜீரோவ அவங்கதானே பாத்திருக்கணும்?"

"பாத்திருக்கணும்."

"அப்புறம் என்ன? அதுவும் சச் தானே, உண்மைதானே?"

"சச் தான். பாதி. நான் சொல்லியிருக்கணும் இல்ல? அந்தப் பாதிய யாரு எழுதறது?"

மறுநாள் காலை பத்தரைக்கு நிர்வாக இயக்குநர் மல்ஹோத்ராவின் அறையில் கூட்டம். சுரேஷ்குமாரும் கம்பெனியின் பெரியவர்கள் இருவரும் வந்திருந்தார்கள். ஜோதிலிங்கம் முடிவு மரத்தை ஒரே தாளில் அச்செடுத்து எல்லோர் முன்னும் வைத்தார். பக்கத்தில் 317-இன் அளவுகள், அதற்குப் பக்கத்தில் கோடு போட்ட ஆய்வுத் தாளின் நகல்.

"இந்தப் பூஜ்யங்கள் பால் இல்லை, தண்ணீரும் இல்லை. யாரும் அளக்கவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். நிரலை எழுதியவன் நான். தரவைக் கொடுத்தபோது சொல்லாமல் விட்டவனும் நான்," என்று தன் வந்தவாசி இந்தியில் சொன்னார்.

கம்பெனிப் பெரியவர் ஒருவர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, தவறு தங்கள் பக்கம் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளும்படி கேட்டார். மல்ஹோத்ரா அவரைப் பார்க்கவில்லை.

"அப்படியானால் இந்த முப்பத்தெட்டுப் பேரும் யோக்கியர்கள் என்கிறீர்களா?" என்று ஜோதிலிங்கத்தைக் கேட்டார்.

"தெரியாது சார். தெரியாது என்பதைத்தான் சொல்ல வந்தேன். பத்து நாள் கொடுங்கள். போய் அளந்துவிட்டு வருகிறேன்."

"ஜீப் போகாதாமே?"

"கால் போகும் சார்."

மல்ஹோத்ரா பத்து நாள் கொடுத்தார். ஜூலை மாதப் புழுக்கத்தில், விடிந்தும் விடியாத பால் வேளையில், ஆய்வாளர்கள் நால்வரோடு ஜோதிலிங்கமும் கையில் லாக்டோமீட்டருடன் சந்து சந்தாக நடந்தார். அலுவலகத்தில் புள்ளிவிவரமாக மட்டுமே பார்த்திருந்த இடங்களை அப்போதுதான் கண்ணால் பார்த்தார். ஒவ்வொரு பூத்திலும் வெவ்வேறு நாளில், சொல்லாமல், மூன்று முறை. முப்பத்தைந்தில் பால் சுத்தம். மூன்றில் தண்ணீர் இருந்தது. அந்த மூவரில் ஒருவர், முதல் நாள் அவருக்கு நாற்காலி போட்டு, லஸ்ஸி கொடுத்து, நியாயத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசியவர்.

317-இல் கருவி இருபத்தொன்பதில் நின்றது. பொன்னம்மாள் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்ளோதானா ஐயா? இத்தினி வருசத்துல நேராவே வந்து இத உட்டுப் பாத்திருந்தா, எனக்கு அந்தக் கடுதாசி வந்திருக்காது இல்ல?"

"வந்திருக்காதும்மா. என் தப்பு."

"உங்க தப்பா?"

"ஆமா."

அவர் சமாதானமாகிவிடவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. வரிசையில் நின்றவர்களுக்குப் பால் ஊற்றத் திரும்பிக்கொண்டார். அந்த மாதம் தான் தூங்காமல் கிடந்ததற்கு ஒரு வார்த்தை போதாது என்று அவர் நினைத்திருந்தால், அதில் நியாயம் உண்டு. ஜோதிலிங்கமும் அப்படித்தான் எங்களிடம் சொன்னார்.

முப்பத்தைந்து கடிதங்கள் திரும்பப் பெறப்பட்டன. திரும்பப் பெறும் கடிதத்தில், காரணத்தையும் எழுத வேண்டும் என்று ஜோதிலிங்கம் பிடிவாதமாக நின்று எழுதவைத்தார். அவருக்கு ஒரு கண்டனக் குறிப்பு வந்தது. பதவி உயர்வு அந்த ஆண்டு வரவில்லை. அடுத்த ஆண்டும் வரவில்லை. துணை மேலாளராகவே இன்று விடைபெறுகிறார். அதைப் பற்றி அவர் வாயால் ஒரு முணுமுணுப்பு நாங்கள் கேட்டதில்லை. கமாவுக்காக முணுமுணுத்ததே மிகுதி.

ஆனால் மல்ஹோத்ரா ஒரு காரியம் செய்தார். அந்தக் கம்பெனியின் ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிக்கவில்லை. இனி இந்நிறுவனத்தின் தரவு ஆய்வு முழுதும் திறந்த மென்பொருளிலேயே, நம் புள்ளியியல் பிரிவிலேயே நடக்கும் என்று உத்தரவிட்டார். முதலில் 'ஆர்', பிறகு 'வெக்கா' என்று எங்கள் மூன்றாம் மாடி ஒரு சிறு பட்டறை ஆயிற்று. சரியான அளவுகளைக் கொடுத்தபின் புகார்களின் உண்மைக் காரணம் தெரிந்தது. வடக்குத் தடத்தின் சில டேங்கர்கள், வெயில் ஏறியபின் பால் இறக்கும் இடங்களில்தான் புகார் குவிந்திருந்தது; சூட்டில் திரிந்து பிரிந்த பால்தான் தண்ணீராகத் தெரிந்திருக்கிறது. நேரத்தை மாற்றினோம், அடங்கியது. தீபாவளிக்கு எந்தப் பூத்துக்கு எவ்வளவு, பொங்கலுக்குத் தமிழர்கள் கூடும் ஐ.என்.ஏ. மார்க்கெட் பக்கம் எவ்வளவு கூடுதல் என்று முன்கூட்டியே சொல்லக் கற்றோம். திரும்பி வரும் பால் மூன்றே ஆண்டில் பாதியாகக் குறைந்தது. புதிதாக எந்தக் கம்பெனி எந்த மென்பொருளோடு படியேறி வந்தாலும் ஜோதிலிங்கம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஏன்னு கேட்டா சொல்லுமா?" இந்தியிலும் ஆங்கிலத்திலும் அதையே கேட்பார். இரண்டு கம்பெனிகள் தேநீரோடு திரும்பிப் போயின.

2005-இல், தரவில் அளக்காத இடத்தில் பூஜ்யம் நுழைந்திருக்கிறதா என்று ஆராயும் ஒரு சிறு நிரலை 'ஆர்' மொழியில் எழுதி இணையத்தில் பொதுவில் வைத்தார். நிறுவனத்தின் பெயர் வேண்டாம் என்று நிர்வாகம் சொன்னது. அதை நீக்கினார். தன் பெயரை நீக்கவில்லை. நிரலின் தலைப்பில் ஆங்கிலத்தில் அவர் எழுதி வைத்த குறிப்பு தமிழில் இதுதான்: 'நான் எழுதிய ஒரு நிரலில் அளக்காததற்குப் பூஜ்யம் விழுந்தது. அதனால் முப்பத்தைந்து பேர் செய்யாத குற்றத்துக்குப் பதில் சொல்ல நேர்ந்தது. உங்கள் தரவை முதலில் பாருங்கள். ஜோதிலிங்கம், தில்லி.' பிலிப்பைன்ஸிலிருந்து ஒரு மருத்துவமனைக்காரர் நன்றி எழுதினார். இறந்தவர்கள் என்று தங்கள் கணினி ஒதுக்கி வைத்திருந்த நோயாளிகள் பலர், ரத்த அழுத்தம் அளக்கப்படாதவர்கள்தான் என்று கண்டுபிடித்தார்களாம்.

எண்ணைக் கண்ணென எண்ணியவர் எனத் தங்களைப் போற்றலாம். எளிமையின் இருப்பிடம் என ஏத்தலாம். சினத்தில் சித்திரை வெயில், சிரிப்பில் மார்கழிக் காலை எனப் பாடலாம். அத்தனையும் தகும். ஆயினும் ஐயா, பிழையை மறைக்கப் பெரிய காரணமும் நல்ல வாய்ப்பும் கையில் இருந்தபோது, பிழை என்னுடையது என்று பலர் நடுவே சொன்ன அந்தக் காலை பத்தரை மணியை வைத்தே நாங்கள் தங்களை அளக்கிறோம்.

நாளை முதல் அந்த நிரலைப் பேணப்போகிறவர் கவிதா. பொறுப்பு மாறும்போது பெயரையும் மாற்றுவது வழக்கம். தலைப்புக் குறிப்பை என்ன செய்வது என்று நேற்று மாலை அவர் தங்களைக் கேட்டார். தாங்கள் சொன்னதை அப்படியே இங்கு எழுதுகிறோம்.

"நிரல் இனிமே உன்னோடது கவிதா. எந்த வரிய வேணாலும் மாத்து. தப்பு என்னோடது. அது அங்கயே இருக்கட்டும்."

இருக்கும் ஐயா. நாங்கள் உள்ளவரை இருக்கும்.

கண்ணொளி மங்காமல், கால்வலி அண்டாமல், கமாக்களால் கோபம் வராமல், வாழ்க்கைத் துணைவியார் தமிழ்செல்வி அம்மையாரோடும் மக்களோடும் நூறாண்டு கடந்தும் நலமாய் வாழ்க. எங்கள் மூன்றாம் மாடிக்கு எப்போது வந்தாலும் தங்களுக்கு ஒரு கணினியும் ஒரு நாற்காலியும் ஆயத்தமாக இருக்கும்.

புது தில்லி
30 ஏப்ரல் 2008

தங்கள் பிரிவால் வருந்தியும் தங்களால் பெருமை கொண்டும்,
யமுனா பால் வழங்கு நிறுவனத்தின் தமிழ்ப் பணியாளர்கள் பதினொருவர்
(எழுதியவர்: சிவகுமார், புள்ளியியல் பிரிவு. பிழை இருப்பின் அது என்னுடையது.)